வாடகைக்கு ஓடிய கார்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



லாபம் விற்கும்போது வருவதில்லை, வாங்கும்போதே வருகிறது என்பது நம் தொழிலின் அரிச்சுவடி. மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்காமல் பணத்தை எண்ணித் தருகிற வியாபாரி நம்மில் யாரும் இல்லை. பருப்பைக் கடித்துப் பார்க்கிறோம். மிளகாய் வற்றலில் ஈரம் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்கிறோம். தராசை ஒரு முறைக்கு இரு முறை சரிபார்க்கிறோம். ஆனால் இதே வியாபாரி பழைய கார் வாங்கப் போகும்போது, பாலிஷ் போட்ட பெயின்டையும் புது சீட் கவரையும் பார்த்துவிட்டு அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். நான்கைந்து லட்ச ரூபாய் என்பது ஒரு சிறிய கடைக்குப் பண்டிகைக் காலக் கொள்முதல் பணம். அதைத் தவறான வண்டியில் முடக்கினால் அந்த அடி கடையின் மீதுதான் விழும்.

பழைய கார் சந்தைக்கு வரும் வண்டிகளில் வாடகைக்கு ஓடியவையும் கணிசமாக இருக்கின்றன. இவற்றை வாங்கலாமா, கூடாதா என்று நம் உறுப்பினர்கள் கேட்பதுண்டு. வாடகைக்கு ஓடியது என்பது மட்டுமே ஒரு வண்டியின் குற்றம் ஆகாது. ஓடிய ஓட்டத்துக்குத் தக்க விலையில் கிடைத்தால் அதுவும் நல்ல சரக்குதான். ஓட்டத்தை மறைத்து, வீட்டு உபயோக வண்டியின் விலைக்கு அதை வாங்குவதில்தான் நஷ்டம் இருக்கிறது. எனவே இந்தப் பாடத்தில் வண்டியின் பழைய வாழ்க்கையைக் கண்டறிவது எப்படி, அதை ரூபாயாக மாற்றி விலையில் கழிப்பது எப்படி என்ற இரண்டையும் பார்ப்போம்.

1. வாடகை வண்டியில் நான்கு வகை

எண் பலகையின் நிறத்திலிருந்து தொடங்குவோம். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி. நாம் ‘ஓன் போர்டு’ என்கிறோம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டாக்சி. ‘டி போர்டு’ என்கிறோம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், வாடிக்கையாளரே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடப்படும் வண்டி. மின்சார வண்டிகளுக்குப் பலகை பச்சை நிறம். அதில் எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி, மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி.

வாடகைக்கு ஓடியவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது.

முதல் வகை, உரிமையாளரே ஓட்டிய டாக்சி. ஓட்டம் அதிகம் இருக்கும். ஆனால் ஒரே கை ஓட்டிய வண்டி. பிழைப்பே அதில் இருந்ததால் ஆயில் மாற்றுவதை அவர் தள்ளிப்போட்டிருக்க மாட்டார். ஆறு மாதத்துக்கு முன் என்ன பழுது பார்த்தார் என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார். நான்கு வகையில் இதுவே நம்பத் தகுந்தது.

இரண்டாவது வகை, கால் டாக்சி நிறுவனங்களிலும், கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்திலும் ஓடியது. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று ஷிப்டு முறையில் ஓட்டியிருப்பார்கள். எஞ்சின் ஆறுவதற்கே நேரம் இருந்திருக்காது. ஆனால் சர்வீஸ் பெரும்பாலும் கணக்குப்படி நடந்திருக்கும். அதற்கான பில்லும் இருக்கும்.

மூன்றாவது வகை, வாடிக்கையாளரே ஓட்டிய வாடகை வண்டி. கிலோமீட்டர் குறைவாகக் கூட இருக்கலாம். ஆனால் நூறு பேர் கை பட்டிருக்கும். கிளட்ச், பிரேக், கியர் பாக்ஸ், வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றில்தான் அதன் தழும்புகள் இருக்கும். 1989ஆம் ஆண்டின் ரென்ட் எ கேப் திட்டப்படி இதற்கு உரிமம் பெறும் நிறுவனம் குறைந்தது 50 வண்டிகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே இத்தகைய வண்டிகள் ஒன்றிரண்டாக வராமல் தொகுதியாக விற்பனைக்கு வருவது இயல்பு.

நான்காவது வகைதான் ஆபத்தானது. வெள்ளைப் பலகையிலேயே, பர்மிட் இல்லாமல், சட்டத்துக்குப் புறம்பாக வாடகைக்கு விடப்பட்ட வண்டி. ஆர்.சி.யில் சொந்த வண்டி என்றே இருக்கும். எந்த அரசு ஆவணமும் இதன் வாடகை வாழ்க்கையைச் சொல்லாது. வண்டியின் உடம்பைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

2. ஓட்டத்தின் அளவு

கடைக்கும் வீட்டுக்கும், எப்போதாவது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற நம் வண்டி, சராசரியாக நாளொன்றுக்கு 25 கி.மீ. ஓடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 9,000 கி.மீ. சொச்சம். ஒரு டாக்சி நாளுக்கு 200 கி.மீ. வீதம் மாதம் 25 நாள் ஓடினால் மாதத்துக்கு 5,000, ஆண்டுக்கு 60,000 கி.மீ. ஐந்து ஆண்டில் நம் வண்டி 45,000 தாண்டும். டாக்சி மூன்று லட்சத்தைத் தொடும். இரண்டுக்கும் ஆர்.சி.யில் வயது ஒன்றே. வயதை வைத்து விலை பேசுகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

டாக்சியின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய ஒரு லட்சம் கி.மீ., நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் திணறிய ஒரு லட்சத்தை விட எஞ்சினைக் குறைவாகவே தேய்க்கும். எனவே எவ்வளவு ஓடியது என்பதோடு எங்கே ஓடியது என்றும் கேட்க வேண்டும். திருச்சி, மதுரை என்று வெளியூர்ச் சவாரி போன வண்டியும், சென்னை நகருக்குள்ளேயே சுற்றிய வண்டியும் ஒன்றல்ல.

3. மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

மீட்டரில் எண்ணைக் குறைப்பது இன்று கம்ப்யூட்டர் வைத்துச் செய்யும் வேலை. டிஜிட்டல் மீட்டர் என்பதால் மாற்ற முடியாது என்று எண்ண வேண்டாம். மீட்டர் சொல்லும் எண்ணுக்கு வேறு சாட்சிகள் வேண்டும்.

முதல் சாட்சி சர்வீஸ் பதிவு. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்டால், உரிமையாளரின் சம்மதத்தோடு, எந்தத் தேதியில் எத்தனை கி.மீ.யில் சர்வீஸுக்கு வந்தது என்ற விவரம் கிடைக்கும். முந்தைய தேதியில் உள்ள எண் இன்றைய மீட்டரை விட அதிகமாக இருந்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

இரண்டாவது சாட்சி பாஸ்டாக். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இது கட்டாயம். விற்பவரை அவருடைய பாஸ்டாக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு நான்கு நாள் சுங்கச்சாவடி தாண்டிய வண்டி, “டாக்டர் வீட்டு வண்டி, கோயிலுக்கு மட்டும் எடுத்தது” என்ற கதைக்குப் பொருந்தாது.

மூன்றாவது சாட்சி வண்டியின் உள்பாகம். மீட்டர் 40,000 காட்டும் வண்டியில் பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர்கள் வழவழப்பாகத் தேய்ந்திருக்கக் கூடாது. ஸ்டியரிங் வழுக்குவது போல் பளபளக்கக் கூடாது. ஓட்டுநர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருக்கக் கூடாது. பின் கதவுக் கைப்பிடிகளும் பின் சீட்டும் முன்புறத்தை விட அதிகம் தேய்ந்திருந்தால், அந்த வண்டி கூலிக்கு ஆள் ஏற்றியது என்று கொள்ளலாம்.

நான்காவது சாட்சி டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். 2019இல் வாங்கிய வண்டி 30,000 கி.மீ.தான் ஓடியது என்கிறார். நான்கு டயரும் 2023இல் தயாரானவை என்றால், முதல் டயர்கள் எங்கே போயின என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

டாக்சியாக இருந்ததற்கு வேறு தடயங்களும் உண்டு. டாஷ்போர்டில் மீட்டரோ போன் ஸ்டாண்டோ பொருத்திய திருகுத் துளைகள், மேற்கூரையில் கேரியர் உட்கார்ந்த தழும்பு, கண்ணாடிகளில் ஸ்டிக்கர் உரித்த பசை, பலகையின் ஓரத்திலோ பம்பரின் இடுக்கிலோ ஒட்டியிருக்கும் மஞ்சள் பெயின்ட் ஆகியவை அவை. பல டாக்சி வண்டிகளுக்கு மணிக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாடு உண்டு. நல்ல சாலையில் எவ்வளவு மிதித்தாலும் 80க்கு மேல் ஏறவில்லை என்றால் காரணம் புரிந்துகொள்ளுங்கள்.

4. வண்டியைச் சோதிப்பது

நமக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூட்டிச் செல்ல வேண்டும். விற்பவரோ புரோக்கரோ காட்டும் மெக்கானிக் வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் சரக்குக்கு மாதிரி பார்க்கும் செலவைப் போன்றது.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நாம் போகும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. விடாமல் கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் வேலை காத்திருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் பேக் கம்ப்ரஷன் எவ்வளவு என்று மெக்கானிக் சொல்லிவிடுவார்.

கிளட்ச் மிகவும் மேலே வந்து பிடிக்கிறதா, மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ என்ற ஓசை வருகிறதா, நேர் சாலையில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே பிடுங்கிவிட்டார்களா என்று சந்தேகப்படுங்கள்.

பானெட், கதவு, டிக்கி ஆகியவற்றின் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருந்தால் அந்தப் பாகம் கழற்றி மாட்டப்பட்டது. டிங்கரிங் செய்து பட்டி போட்ட இடத்தில் விரலால் தட்டினால் ஓசை மந்தமாக வரும். காஸ் கிட் பொருத்திய வண்டியானால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சோதனை நடந்ததற்கான சான்று வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பகுதிகளிலும் பெருவெள்ளம் வந்தது நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், தரை விரிப்பில் போகாத ஒரு வாடை ஆகியவை மற்ற அடையாளங்கள். இத்தகைய வண்டி எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். மின்சார ஒயரிங் எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

5. ஆவணங்கள்

வண்டி பிடித்திருந்தாலும் ஆவணம் பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

(அ) ஆர்.சி.: பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, வாகன வகை, எரிபொருள், பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர் என்பவற்றை ஒப்பிடுங்கள். மோட்டார் கேப் என்றிருந்தால் ஓட்டுநர் தவிர 6 பேர் வரை ஏற்றும் டாக்சி. மேக்சி கேப் என்றால் 7 முதல் 12 பேர் வரை. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் நேரில் பார்த்துப் படியுங்கள்.

(ஆ) மாற்றம்: டாக்சியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற வேண்டுமானால், பர்மிட்டை ஒப்படைத்து, நிலுவை வரியைத் தீர்த்து, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரியைக் கட்டி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வகை மாற்றம் பெற வேண்டும். அதன் பிறகுதான் வெள்ளைப் பலகை. “பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். வரி எவ்வளவு என்பதை விலை பேசும் முன்பே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது விலையின் ஒரு பகுதி.

(இ) எப்.சி.: மஞ்சள் பலகையோடு வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது இது. போக்குவரத்து வாகனத்துக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும். சிறிய டாக்சியை ஓட்டத் தனி பேட்ஜ் உரிமம் வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்த்து வைத்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனத்தை இலகு ரக உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்பது அத்தீர்ப்பு.

(ஈ) கடன்: வண்டி பைனான்ஸில் இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். “கடன் முடிந்துவிட்டது” என்ற வாய்ச்சொல் போதாது. ஆர்.சி.யில் ஹெச்.பி. நீங்கியிருக்க வேண்டும்.

(உ) அபராதம்: நிலுவையில் உள்ள மின்னணு அபராதச் சீட்டுகளைத் தளத்திலேயே பார்க்கலாம். வேகமாக ஓட்டிய டாக்சிக்கு இவை வரிசையாக இருக்கக்கூடும். தீர்த்த பிறகே பேச்சு.

(ஊ) இன்சூரன்ஸ்: மோட்டார் வாகனச் சட்டம் 157ஆவது பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே கருதப்படும். ஆனாலும் 14 நாளில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு தானாக மாறாது என்பதை உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. பழைய உரிமையாளரின் ‘நோ கிளைம் போனஸ்’ நமக்கு வராது. டாக்சி பாலிசியைச் சொந்த உபயோகப் பாலிசியாக மாற்றவும் மறக்கக் கூடாது.

(எ) வெளி மாநில வண்டி: படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். பெங்களூரிலோ புதுச்சேரியிலோ விலை குறைவு என்று ஓடுவதற்கு முன் இதைக் கூட்டிப் பாருங்கள்.

6. விற்பவரின் கணக்கு

எதிராளியின் கொள்முதல் விலை தெரிந்தால் பேரம் எளிது. வருமான வரிக் கணக்கில் சாதாரண காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். வாடகைத் தொழிலில் ஓடும் காருக்கு 30 சதவீதம். 8 லட்ச ரூபாய்க்கு வாங்கிய கார், ஐந்து ஆண்டு முழுத் தேய்மானத்துக்குப் பின் நம் கடைப் புத்தகத்தில் ரூ.3,54,964 என்று நிற்கும். டாக்சி நிறுவனத்தின் புத்தகத்திலோ ரூ.1,34,456 மட்டுமே. அதற்கு மேல் கிடைப்பது அவருக்கு உபரி. அதோடு, விற்காமல் நிறுத்தி வைத்தால் எப்.சி., வரி, இன்சூரன்ஸ் என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அவர் கேட்கும் முதல் விலையைக் கண்டு மலைக்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி.யையும் கேளுங்கள். பதிவு பெற்ற வணிகர் பழைய காரை விற்றால், 2025 ஜனவரி 25 முதல் வித்தியாசத் தொகைக்கு 18 சதவீதம் வரி. தேய்மானம் எடுத்திருந்தால், விற்ற விலைக்கும் தேய்மானம் போன மதிப்புக்கும் உள்ள வேறுபாடே வித்தியாசம். அது இல்லையென்றால் வரியும் இல்லை. முதலில் வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. பதிவு பெறாத தனிநபர் தம் வண்டியை விற்றால் வரி இல்லை. பேசிய விலை வரி உட்படவா, தனியா என்று முன்பே தீர்மானிக்க வேண்டும். நாம் கடைப் பெயரில் வாங்கினாலும், 13 பேர் வரை அமரும் காருக்கு உள்ளீட்டு வரி பொதுவாக நமக்குக் கிடைக்காது.

7. வாங்குபவரின் கணக்கு

இனி நம் கணக்கு. கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே மாடல், ஒரே வயது, இரண்டு வண்டிகள். முதலாவது, ஒரே உரிமையாளரின் வீட்டு வண்டி, விலை ரூ.5,00,000. இரண்டாவது, டாக்சியாக ஓடியது, விலை ரூ.3,60,000. இரண்டையும் ஐந்து ஆண்டு வைத்திருந்து விற்பதாகக் கொள்வோம்.

வீட்டு வண்டி: விலை 5,00,000. உடனடிச் செலவு 25,000. ஐந்து ஆண்டில் பெரிய பழுதுகள் 75,000. மொத்தம் 6,00,000. மறுவிற்பனையில் வருவது 2,25,000. நிகரச் செலவு ரூ.3,75,000.

டாக்சி வண்டி: விலை 3,60,000. டயர், கிளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி, வகை மாற்ற வரி எல்லாம் சேர்த்து உடனடிச் செலவு 1,10,000. ஐந்து ஆண்டில் பெரிய பழுதுகள் 1,50,000. மொத்தம் 6,20,000. மறுவிற்பனையில் வருவது 1,00,000. நிகரச் செலவு ரூ.5,20,000.

வாங்கும்போது ரூ.1,40,000 மிச்சம் என்று தோன்றிய வண்டி, முடிவில் ரூ.1,45,000 அதிகம் தின்றுவிட்டது. அப்படியானால் டாக்சி வண்டிக்கு என்ன கொடுக்கலாம்? வீட்டு வண்டியின் நிகரச் செலவுக்குச் சமமாக வரும் விலையே உச்ச விலை. அது ரூ.2,15,000.

வியாபாரி இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், அது வட்டி. மலிவான வண்டி வாங்குவதால் மிஞ்சும் பணம் கடையில் உண்மையாகவே புரளும் என்றால், அதற்கு ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி போடலாம். டாக்சி வண்டியை ரூ.2,90,000க்கு வாங்கினால், உடனடிச் செலவு சேர்த்து 4,00,000 இறங்குகிறது. வீட்டு வண்டிக்கு 5,25,000. மிச்சம் 1,25,000. ஐந்து ஆண்டு வட்டி 75,000. நிகரச் செலவு 4,50,000இல் இதைக் கழித்தால் 3,75,000, இரண்டும் சமம். ஆகவே பணம் புரளும் கடைக்கு உச்ச விலை ரூ.2,90,000. அந்தப் பணம் வங்கியிலோ வீட்டுச் செலவிலோ போய்விடுமானால் பழையபடி ரூ.2,15,000தான். எப்படிப் பார்த்தாலும் ரூ.3,60,000 நஷ்ட வியாபாரம்.

புது வண்டி விலையையும் ஒரு முறை விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புதியதின் விலை இறங்கும்போது பழையதின் விலையும் இறங்கியாக வேண்டும். பழைய விலைப்பட்டியலைக் காட்டும் புரோக்கரிடம் இதைச் சொல்லிப் பேசலாம்.

8. பணம் கொடுக்கும் முறை

ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனைக்கு ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவருக்கு விழும். கடைக் கணக்கில் வாங்கும் வண்டிக்கு ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கம் கொடுத்தால், அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது. வங்கி வழியே கொடுப்பதே நமக்குப் பாதுகாப்பு.

மொத்தத்தையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். சிறிய அட்வான்ஸ், ஆவணங்கள் கைக்கு வந்ததும் பெரும்பகுதி, பெயர் மாற்றம் முடிந்து ஆர்.சி. வந்ததும் மீதி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வகை மாற்றத்தை விற்பவரே முடித்துத் தருவதாகப் பேசினால் இன்னும் நல்லது.

பழைய வண்டி வியாபாரிகள் தாங்கள் வாங்கி விற்கும் வண்டிகளுக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்துள்ளது. கன்சல்டிங் கடையில் வாங்குகிறவர் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

9. நம் வண்டியை விற்கும்போது

இந்தப் பாடத்துக்கு மறுபக்கமும் உண்டு. புது வண்டி வந்ததும், பழைய வண்டியைப் புரோக்கரிடம் விட்டு, படிவம் 29, 30இல் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம்மவர்களின் வழக்கம். அந்த வண்டி பெயர் மாறாமல் எவரிடமாவது வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியை விற்று ஆண்டுகள் ஆன பிறகு நீதிமன்றச் சம்மன் கடை வாசலுக்கு வரக்கூடும். விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். பெயர் மாறியதைத் தளத்தில் பார்த்து உறுதி செய்யும் வரை விற்பனை முடிந்ததாகக் கருதாதீர்கள். பாஸ்டாக்கையும் மூடிவிடுங்கள்.

10. வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. வண்டி வாடகைக்கு ஓடியதா? ஆம் என்றால் நான்கில் எந்த வகை?
2. சர்வீஸ் பதிவும் பாஸ்டாக்கும் மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா?
3. குளிர்ந்த எஞ்சினை நம் மெக்கானிக் பார்த்தாரா?
4. வெள்ளத்தில் நின்றதா? பெரிய விபத்தில் பட்டதா?
5. பர்மிட், வரி, ஹெச்.பி., அபராதம் எல்லாம் தீர்ந்தனவா?
6. வகை மாற்றத்துக்கு எவ்வளவு? யார் பொறுப்பு?
7. உடனடிச் செலவை எழுத்தில் கூட்டினோமா?
8. உச்ச விலையைக் கணக்கிட்ட பிறகுதான் பேரத்துக்குப் போகிறோமா?

எட்டுக் கேள்விக்கும் பதில் கிடைத்தால், வண்டி மஞ்சள் பலகையோடு வந்தாலும் பயமில்லை. உண்மையைச் சொல்லி, ஓட்டத்தை விலையில் கழித்துத் தரும் டாக்சிக்காரரின் வண்டி, பொய் சொல்லும் வெள்ளைப் பலகை வண்டியை விட மேலான சரக்கு. சரக்கின் குறை தெரிந்து, குறைத்து வாங்குவது வியாபாரம். அந்தக் கண்ணும் கணக்கும் நம் கடையில் தினமும் பயன்படுகின்றன. கார் வாங்கப் போகும்போதும் அவற்றைக் கூட எடுத்துச் செல்வோம்.